புகைக்கும் ஒரு வாசல் வையுங்கள்!

வீடு கட்டும்போது மனிதர் வந்து போக வாசல் வைக்கிறோம். காற்று வர ஜன்னல் வைக்கிறோம். கழிவு நீர் போகக் கால்வாய் விடுகிறோம். பூஜை மாடம் எந்த மூலையில் வரணும் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்கிறோம். ஆனால் தினமும் இரண்டு வேளை அந்த வீட்டிலேயே பிறக்கிற புகைக்கு மட்டும் ஒரு வழியும் வைப்பதில்லை. 'அது தானா போயிடும்' என்று விட்டுவிடுகிறோம். புகை போகத்தான் செய்கிறது. ஆனால் போகிற வழியில் வீட்டுப் பெண்களின் நெஞ்சுக்குள்ளும் குழந்தைகளின் நெஞ்சுக்குள்ளும் புகுந்துவிட்டுப் போகிறது!

"இந்தக் காலத்துல யாருங்க விறகு எரிக்கிறாங்க? எல்லார் வீட்லயும்தான் கேஸ் வந்துடுச்சே?" என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு கொல்லைப் பக்கம் புகை எழும். கேஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. டீ போட, குழந்தைக்குப் பால் காய்ச்ச, அவசரத்துக்கு ஒரு தோசை சுட... அதற்கெல்லாம் கேஸ். குளிக்க வெந்நீர், நாலைந்து பேருக்குச் சோறு, மாட்டுக்குக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு... இதற்கெல்லாம் விறகு.

அதற்குக் காரணமும் இருக்கிறது. சவுக்கு மிளாறு, தென்னை மட்டை, பன்னாடை, வேலிக்காத்தான், வறட்டி எல்லாம் கையெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலும் காசு கொடுக்காமல் கிடைக்கின்றன. சிலிண்டருக்குக் காசு எண்ணி வைக்க வேண்டும். ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு தரும் உஜ்வாலா திட்டத்தை மத்திய அரசு 2016 மே 1-ல் தொடங்கியது. புதுச்சேரி அரசும் 2023-ல் சிலிண்டருக்கு மானியம் அறிவித்தது. இரண்டையும் நான் மனதார வரவேற்கிறேன். முடிந்தவர்கள் சமையலை முழுக்க கேஸுக்கு மாற்றிவிடுவதுதான் முதல் தரமான வழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், 'கேஸ் வந்துவிட்டது, இனி புகைபோக்கி எதற்கு?' என்று விறகடுப்பைக் கணக்கிலேயே எடுக்காமல் வீடு கட்டுகிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். அடுப்பு இருக்கிற வரை புகை இருக்கும். புகை இருக்கிற வரை அதற்கு வழி வேண்டும்.

கூரை மாறியதால் வந்த வினை

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் பாட்டிமார் காலத்துக் கூரை வீட்டில் புகை இருந்தது. ஆனால் கீற்றுக் கூரைக்கு ஆயிரம் கண். புகை மேலே ஏறி, கீற்றின் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறும். காலையில் தூரத்திலிருந்து பார்த்தால் கூரை முழுக்க ஆவி பறக்கிற மாதிரித் தெரியும். கீற்றில் பூச்சி அரிக்காமல் இருக்கவும் அந்தப் புகை உதவியது. ஓட்டு வீட்டில் சமையல்கட்டுக்கு மேலே மட்டும் கூரையைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் திறப்பு விட்டு, புகைக்கூண்டு வைப்பார்கள்.

இன்று கீற்றும் போய், ஓடும் போய், காங்கிரீட் தளம் வந்துவிட்டது. மழைக்கும் புயலுக்கும் அதுதான் பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் காங்கிரீட் தளத்தில் ஓர் ஊசி நுழைகிற இடுக்குகூடக் கிடையாது. எட்டடிக்கு ஆறடியில் சமையலறை, ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் கொசுவுக்குப் பயந்து மூடியே இருக்கும். அங்கே விறகு எரித்தால் புகை தளத்தில் முட்டி, திரும்பி, சமைக்கிறவர் முகத்துக்கு நேராக இறங்குகிறது.

சரி என்று அடுப்பைக் கொல்லையில் சார்ப்புக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த இடம் எங்கே? பெரும்பாலும் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே! ஆக, அடுப்பு வெளியே போய்விட்டது, புகை உள்ளேயே வருகிறது. கூரையை மாற்றினோம். புகையின் பாதையை மாற்ற மறந்தோம்.

'புகை மருந்துதானே, வைத்தியரே?'

சித்த மருத்துவன் புகையைப் பழிக்கிறானே என்று சிலருக்கு வியப்பாக இருக்கும். "உங்க சாஸ்திரத்துலயே புகை போடச் சொல்லியிருக்கே ஐயா? அடுப்புப் புகை கிருமியைக் கொல்லாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

உண்மைதான். சித்த மருத்துவத்தில் புறமருந்துகள் முப்பத்திரண்டு. அவற்றில் புகையும் ஒன்று. ஆனால் மருந்து என்றால் என்ன? இன்ன சரக்கு, இன்ன அளவு, இன்ன நோய்க்கு, இத்தனை நேரம், இத்தனை நாள் என்று வரையறை உள்ளதுதான் மருந்து. அடுப்புப் புகைக்கு இதில் ஏதாவது உண்டா? ஈர விறகும், வறட்டியும், பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து எரிகிற புகையை, பதினாறு வயதிலிருந்து அறுபது வயது வரை, தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஒரு பெண் இழுக்கிறாள். இதை மருந்து என்று எந்தச் சித்தர் சொன்னார்?

அடுப்பு எரிப்பதிலேயே நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கம் பார்த்தார்கள் தெரியுமா? மருந்து செய்வதற்குத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயை மூன்றாகப் பிரித்தார்கள். புடம் போட இத்தனை வறட்டி என்று எண்ணி அடுக்கினார்கள். தீயை அளந்தவர்களின் பிள்ளைகள் நாம். புகையை மட்டும் அளக்காமல் விடலாமா?

இரைப்பு, ஈளை, தீராத இருமல் என்று வருகிற பெண்களில் பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். ஆடாதோடைக் குடிநீரும் தூதுவளையும் திரிகடுகும் அவர்களின் சளியை இளக்கும், மூச்சு சற்று லேசாகும். ஆனால் மருந்தைக் குடித்துவிட்டு அதே அடுப்படியில் போய் உட்கார்ந்தால்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்!

புகைக்குள் என்ன இருக்கிறது?

கண்ணுக்குத் தெரிகிற கரி மட்டுமில்லை. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் நுண்துகள்கள் அதில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மூக்கில் உள்ள மயிரும் சளியும் பெரிய தூசியைத்தான் பிடிக்கும். இந்தத் துகள்கள் நேரே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். இருமல், நாள்பட்ட சுவாச அடைப்பு, இதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்று, கண்புரை ஆகியவற்றுக்கும் வீட்டுப் புகைக்கும் தொடர்பு உண்டு என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள்.

நம் பக்கத்து மாவட்டத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து 2018-ல் தொடங்கிய 'ஹாப்பின்' என்ற பெரிய ஆய்வின் இந்தியப் பகுதி, விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில் நடந்தது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். கேஸ் பிரிவுப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு, விறகுப் பிரிவில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022-ல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகை செய்கிற கேடு வருஷக்கணக்கில் சேர்வது. சில மாதங்களில் அடுப்பை மாற்றி எல்லாவற்றையும் திருப்பிவிட முடியாது. எத்தனை சீக்கிரம் நிறுத்துகிறோமோ அத்தனை நல்லது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

குழாய் வைத்தால் மட்டும் போதுமா?

புகைபோக்கி வைத்த அடுப்பு நமக்குப் புதிதல்ல. ஐதராபாத் என்ஜினீயர் எஸ்.பி.ராஜு இதைப் பற்றி எழுதிய நூல் 1953-லேயே வெளியானது. 1980-களில் மத்திய அரசு 'புகையில்லா அடுப்பு' திட்டம் கொண்டுவந்தது. நாடு முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுத்து, 2002-ல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். ஏன்? கொடுத்த அடுப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய் அடைத்தது, மண் விரிசல் விட்டது. இடித்துவிட்டுப் பழையபடி மூன்று கல்லைக் கூட்டினார்கள்.

ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது. புகைபோக்கி அடுப்பு வைத்த முதல் வருஷம் பெண்கள் இழுக்கும் புகை குறைந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் அந்தப் பலன் கரைந்து போனது. பழுது பார்க்கவில்லை, துடைக்கவில்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. ஆனால் குவாதமாலா நாட்டில், அடுப்பைப் பராமரித்துக் கொடுத்தபடியே நடத்திய ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. மொத்த நிமோனியா நோயில் உறுதியாகச் சொல்லும்படிக் குறையவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கவனிப்பு இருந்தால்தான் குழாய்க்குப் பலன்!

'ஊர்ஜா' அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு 2006-ல் தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா கிராமங்களில் விற்பனைக்கு வந்தது. வேளாண் கழிவை இடித்து அழுத்திய சிறு வில்லைகள்தான் அதற்கு எரிபொருள். உள்ளே ஒரு சின்ன மின்விசிறி. புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் வில்லை விலை ஏறியதும் பலர் கைவிட்டார்கள். குளிர் நாடுகளிலும் இதே மாதிரி வில்லை எரிக்கிற கணப்பு அடுப்புகள் வீட்டுக்குள் இருக்கின்றன. புகை குறைவுதானே என்று அவர்கள் சும்மா விடுவதில்லை. பழைய செங்கல் புகைக்கூண்டுக்குள் இரும்புக் குழாயை உச்சி வரை இறக்கி, மூட்டுகளை அடைத்து, விஷவாயு வந்தால் கூவுகிற மணியையும் மாட்டிவிட்டுத்தான் பற்றவைப்பார்கள். குறைந்த புகைக்கே அவர்கள் அத்தனை ஏற்பாடு செய்கிறார்கள். நிறைந்த புகைக்கு நாம் ஒன்றுமே செய்வதில்லை!

எப்படி வைக்க வேண்டும்?

கொத்தனாரிடம் சொல்லும்போது இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூடான புகை லேசானது, மேலே ஏறும். குழாய் செங்குத்தாகவும் உயரமாகவும் இருந்தால் இழுப்பு பலமாக இருக்கும். சுவரில் ஓட்டை போட்டு வெளியே ஒரு முழம் நீட்டிவிட்டால் போதாது. காற்று எதிரே அடித்தால் அத்தனையும் திரும்ப உள்ளே வரும். வீட்டு அடுப்புக்கு நான்கு அங்குல உள்விட்டமுள்ள குழாய் வேண்டும். வளைவு கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் சாய்வாக ஒரே ஒரு வளைவு வைக்கலாம்.

குழாயின் வாய், தளத்துக்கு மேல் மூன்று அடியாவது இருக்க வேண்டும். பத்தடிக்குள் மாடிச் சுவரோ வேறு உயரமான கட்டடமோ இருந்தால், அதைவிட இரண்டு அடி கூட வேண்டும். கைப்பிடிச் சுவருக்குக் கீழே நின்றுவிட்டால், அந்தச் சுவரில் மோதிச் சுழலும் காற்று புகையைக் கீழே தள்ளும். உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி வையுங்கள். ஆனால் புகை போக நாலாபுறமும் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

எந்தக் குழாய்? சுடுமண் குழாய் அல்லது ஜி.ஐ. தகட்டுக் குழாய். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. யானையும் குதிரையும் செய்கிற கைகளுக்கு ஒரு புகைக்குழாய் செய்யத் தெரியாதா? மிச்சம் கிடக்கிறதே என்று பி.வி.சி. குழாயை மாட்டாதீர்கள், உருகிவிடும், அந்தப் புகை இன்னும் விஷம். ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் வேண்டாம். அதை அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் நார், நுரையீரலுக்குப் பகை.

கீற்றுக் கூரை உள்ளவர்கள் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சூடான தகட்டுக் குழாய்க்கும் கீற்று, மூங்கிலுக்கும் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். இடையில் தகடு கட்ட வேண்டும். அது முடியாவிட்டால், அடுப்படியைத் தனியாகத் தள்ளி, தகரக் கூரையில் அமைப்பதே நல்லது. கொல்லை அடுப்பாக இருந்தாலும் சரி, படுக்கையறை ஜன்னலை விட்டு விலகி, கூரையைத் தாண்டி ஒரு குழாய் வையுங்கள். வெந்நீர் அடுப்புக்கும் இதே சட்டம்தான்.

மாதம் ஒருமுறை குழாயைத் துடையுங்கள். நீளமான கயிற்றில் பழைய சாக்கைச் சுருட்டிக் கட்டி, மேலிருந்து இறக்கி இழுத்தால் கரி கொட்டிவிடும். அதை எடுக்கக் குழாயின் அடியில் ஒரு சின்ன மூடி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஈர விறகு எரித்தால் குழாய்க்குள் தார் மாதிரிப் பிசுக்கு படியும். அது ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்த விறகையே எரியுங்கள்.

குழாய் இழுக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். அடுப்பு எரியும்போது அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை அடுப்புக்குள் போனால் நல்ல இழுப்பு. உங்கள் பக்கம் திரும்பினால் எங்கோ அடைப்பு. இன்னொன்று, அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், விறகு எரியும்போது அதைப் போடாதீர்கள். ஜன்னல் மூடியிருந்தால் அந்த விசிறி, குழாய் வழியாகவே புகையைத் திருப்பி இழுத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

புகை அடங்கிக் கங்கு மட்டும் கனியும்போது 'அப்பாடா' என்று அடுப்பை அறைக்குள் கொண்டு வருகிறோமே, அங்கேதான் பெரிய ஆபத்து. கங்கிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியதே... அந்த மாதிரி நாட்களில் கரண்ட் இருக்காது, சிலிண்டர் வராது, விறகு நனைந்திருக்கும், கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும். அப்போதுதான் அடுப்பும் குமுட்டியும் வீட்டுக்குள் வரும். பிள்ளை பெற்றவள் குளிர்கிறாள் என்று கங்குச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்! குழந்தையின் தலை காயச் சாம்பிராணி போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மெல்லிய துணியால் துவட்டினாலே காய்ந்துவிடும். யாருக்காவது மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, 108-ஐக் கூப்பிட்டு, பிராணவாயு கொடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதற்கு எங்களிடம் கஷாயம் கிடையாது. நேரத்தைக் கடத்தாதீர்கள்.

யார் செய்ய வேண்டும்?

ஏழைகளுக்குக் கல்வீடு கட்டப் பணம் தருகிற அரசுத் திட்டங்களில், அடுப்படிக்கு ஒரு புகைக்குழாய் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்துகள் வரைபடத்தைப் பார்க்கும்போது அதைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை யாராவது வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போகிற ஏற்பாடும் வேண்டும். அது இல்லாமல் போனதால்தான் மூன்று கோடி அடுப்புகள் வீணாயின. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் கையில் நாலு காசும் வரும்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தரைக்கு எந்த டைல்ஸ், வாசலுக்கு எந்தக் கேட் என்று பத்துக் கடை ஏறி இறங்குகிறீர்கள். அதில் ஒரு சின்னப் பங்கு செலவில் ஒரு குழாய் நின்றுவிடும். நாளைக் காலையில் அடுப்பு எரியும்போது கால்மணி நேரம் உங்கள் வீட்டம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால், அன்று மாலையே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்!